காய்ச்சல் தாளில் எழுதிய வேகம்

டொக்டர் ஐயா எங்கள் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்த முதல் கிழமையே, காலியான சேலைன் போத்தல் ஒன்றின் அடியை வெட்டிக் கவிழ்த்துக் கம்பில் கட்டி மழையை அளக்கத் தொடங்கினார். பெரிய டொக்டர் இல்லை அவர். தோட்டத்து மருந்துக் காம்பராவில் காய்ச்சல், இருமல், கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் எல்லாம் பார்த்து மருந்து கொடுக்கிறவர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கு அவர் டொக்டர் ஐயாதான். யாழ்ப்பாணத்துக்காரர்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அப்போதுதான் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைக் காலையில் வாங்கி வைத்திருந்து, பின்னேரம் திருப்பிக் கொடுக்கிற வேலை. என்னுடைய காம்பராவும் அவருடைய காம்பராவும் ஒரே மேட்டில், இடையில் ஒரு கொய்யா மரம். அதனால் அவர் செய்கிற கூத்தெல்லாம் முதலில் என் கண்ணில்தான் படும். சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆளும் நான் இல்லை.

"ஏங்கய்யா, ஃபெக்டரியிலதான் தினமும் மழை அளக்கிறாங்களே. நீங்க வேற எதுக்கு?"

"அது ஃபெக்டரியில பெய்யிற மழை, பிள்ளை. இது இஞ்ச பெய்யிறது."

ஃபெக்டரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அளந்த மழையை வைத்து என்ன செய்தார் என்று பல நாள் கவனித்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஒரு கொப்பியில் எழுதினார், அவ்வளவுதான்.

காய்ச்சல் என்று யார் போனாலும் தேர்மாமீட்டர் வைத்து மூன்று தரம் பார்ப்பார். வந்ததும் ஒரு முறை, பத்து நிமிடம் மர வாங்கில் உட்கார வைத்து ஒரு முறை, மருந்து கொடுத்து அனுப்பும்போது ஒரு முறை. "ஒருக்காப் பார்த்தால் அது குத்துமதிப்பு. மூண்டு தரம் பார்த்தால்தான் அளவு" என்பார். பார்த்ததைச் சின்னக் கட்டம் போட்ட காய்ச்சல் தாளில் சிவப்புப் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைப்பார். வாங்கில் காத்திருக்கிற பெண்கள், "இவரு பார்க்கிற பார்வைக்குக் காய்ச்சலே அலுத்துப்போயி எறங்கிரும்" என்று தங்களுக்குள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஆனால் சிரித்த வாயை மூட வைத்த காரியமும் ஒன்று நடந்தது. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை நிறுக்கிற தராசை அவர் ஒருநாள் கேட்டு வாங்கினார். ஒரு கிலோ சீனி பைக்கற்றை அதில் தொங்கவிட்டார். எடுத்தார், மறுபடி தொங்கவிட்டார். பிறகு இன்னொரு முறை. மூன்று தரமும் முள் ஒன்றேகால் கிலோவில் நின்றது. எத்தனையோ மாதமாக என் தராசு குழந்தைகளுக்குக் கால் கிலோ கூட்டிக் காட்டியிருக்கிறது. கொழுக்கு மொழுக்கென்று இருப்பதாக நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளை அன்றைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒன்றுக்கு நெஞ்சில் ஓட்டை இருந்தது அங்கே போய்த்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளை இன்றைக்கு பெரகல சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறது. அன்று முதல் நான் அவரைக் கேலி செய்தாலும் கொஞ்சம் அளவோடு செய்தேன்.

அவருடைய குவாட்டர்ஸ் இன்னொரு அதிசயம். அங்கே எல்லாம் தானாக நடக்கும். ஃபெக்டரி எலக்ட்ரீசியன் அவருக்குக் கூட்டாளி. கழித்துப் போட்ட சுவிட்சுகளையும் வயர்களையும் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அலாரம் மணிக்கூட்டில் வயரைக் கட்டி, செய்தி நேரத்துக்கு ரேடியோ தானாகப் பாடும்படி செய்தார்கள். இருட்டினால் வாசல் லைட் தானாகப் பற்றும். தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் மோட்டர் தானாக நிற்கும். யாராவது சுவிட்சில் கை வைத்துவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். கொழும்பில் பிள்ளைகளோடு இருந்த அவருடைய மனைவி மாதத்தில் ஒருமுறை வருவார். "இந்த வீட்டுக்கு நான் வந்தாலும் ஒண்டுதான், வராட்டியும் ஒண்டுதான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இவருக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது. பெரிய கிளாக்கர், அது ஒரு வருத்தம், வியாதி என்றார். கங்காணி, வேலை இல்லாததால் என்றார். யாழ்ப்பாணத்துச் சண்டையில் பயந்துபோனதால் வந்தது என்று ஒரு கதையும் லயத்தில் ஓடியது. மனைவியிடமே கேட்டுவிட்டேன். "கலியாணத்தண்டு தாலி கட்டின நேரத்தை மூண்டு மணிக்கூட்டில பார்த்த மனுசன், பிள்ளை. சண்டை அதுக்குப் பிறகுதான் வந்தது" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கூரையில் ஏரியல் கம்பம் நட்டு வைக்கிற வயரில்லாத வீட்டு போன் எங்கள் பக்கம் வந்தது. அந்தப் போனைக் கொம்பியூட்டரோடு இணைத்தால் இன்டர்நெட். தோட்டத்தில் முதலில் எடுத்தவர் அவர்தான். பிள்ளைகளோடு பேசுவதற்கு என்று சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் வந்த கிழமையே அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. போன்காரர்கள் சொன்ன வேகம் உண்மையில் வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒரே அளவுப் படம் ஒன்றைத் திரும்பத் திரும்ப இறக்கி, எத்தனை விநாடி எடுக்கிறது என்று கைமணிக்கூட்டில் பார்த்து எழுதினார்.

எழுதியது காய்ச்சல் தாளில். ஒருநாள் பஞ்சு வாங்கப் போனபோது மேசையில் அந்தத் தாளைப் பார்த்தேன். சிவப்புக் கோடு மேலே ஏறி, கீழே விழுந்து, மறுபடி ஏறியிருந்தது.

"ஐயோ, யாருக்குங்கய்யா இப்படி ஏறி ஏறி எறங்குது?"

"லைனுக்கு."

எனக்கு வந்த சிரிப்பில் பஞ்சை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

தாளின் அடியில் மூடுபனிக்கும் ஒரு வரிசை இருந்தது. உண்டு, இல்லை, அரைவாசி. பனி மூடினால் லைன் இழுபடுகிறது என்பது அவருடைய சந்தேகம். எங்கள் மலையில் ஆடி மாதம் பனி வராத நாளே கிடையாது. அதற்காக அவர் எழுதாமல் விடவில்லை.

பிறகு எலக்ட்ரீசியனும் அவரும் ஒரு மாதம் குந்தியிருந்து அதையும் தானாக நடக்க வைத்துவிட்டார்கள். தொடக்கத்தில் மணிக்கு ஒரு முறை, அது போதாதென்று பிறகு கால் மணிக்கு ஒரு முறை, கொம்பியூட்டரே அந்தப் படத்தை இறக்கிப் பார்க்கும். லைன் நன்றாக இருந்தால் வாசலில் பச்சை பல்ப் பற்றும், இழுபட்டால் சிவப்பு பல்ப். எத்தனை விநாடி என்பதைக் கொம்பியூட்டர் வைத்துக்கொள்ளும், இவர் பின்னேரம் தாளில் குறித்துக்கொள்வார். மேட்டில் இருந்த வீடு என்பதால் கீழ் லயத்திலிருந்து பார்த்தாலும் பல்ப் தெரியும். மத்திய கிழக்கில் புருசன், பிள்ளை, தங்கச்சி என்று ஆள் உள்ளவர்கள் பச்சையைக் கண்டதும் ஏறி வருவார்கள். அவரும் முகம் கோணாமல் எல்லோரையும் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிடுவார். ஆனால் முதல் வார்த்தை அவருடையதுதான். "அங்க லைன் என்ன வேகம் காட்டுது?" டோஹாவில் மேசன் வேலை செய்த ஒருவர், "அதெல்லாம் தெரியலைங்கய்யா, வெயில்தான் காட்டுது" என்றாராம். அதையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

என் தங்கச்சி புஷ்பா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். கையில் போன் கிடையாது. அந்த வீட்டு நம்பருக்கு நாங்கள் எடுக்கவும் கூடாது, அனுப்பிய ஏஜென்சிக்காரன் அப்படிச் சொல்லியிருந்தான். அந்த வீட்டு மகளுக்கு இவள் மேல் கொஞ்சம் இரக்கம். வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு வீட்டார் படுத்த பிறகு, தன் கொம்பியூட்டரில் அரை மணி நேரம் எங்களோடு பேச வைப்பாள். எங்களுக்கு அது பின்னேரம் நாலரை மணி. முதல் கால் மணி நேரம் போல அந்தப் பிள்ளை பக்கத்திலேயே இருக்கும். அப்போது புஷ்பா அம்மாவை விசாரிப்பாள், என் பிள்ளைகளை விசாரிப்பாள். அந்த வீட்டுப் பிள்ளை எழுந்து போன பிறகுதான் மனம் விட்டுப் பேசுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒன்னு சொல்லணும்" என்றாள். அதோடு லைன் அறுந்துவிட்டது. அறுந்தால் திரும்ப எடுக்கவும் நாங்கள் கூப்பிட்டால் பதில் கொடுக்கவும் அவளுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை வந்து தட்டினால்தான் உண்டு. காத்திருந்து பார்த்தோம், வரவில்லை. டொக்டர் ஐயா வாசலுக்குப் போய் பல்பைப் பார்த்தார். சிவப்பு. "பனி" என்றார்.

அடுத்த வெள்ளியும் அதேதான். "அக்கா, போன வாரம் சொல்ல வந்தேன்ல" என்றாள், போய்விட்டது. எனக்கு அந்தக் கிழமை முழுவதும் சோறு இறங்கவில்லை. ஒரு பெண் தூர தேசத்தில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்ல வேண்டும் என்றால் என்னவெல்லாம் இருக்கும். ஏஜென்சிக்காரனுக்குப் போன் எடுத்தால், முறைப்பாடு ஒன்றும் வரவில்லை, நன்றாக இருக்கிறாள் என்றான்.

மூன்றாவது வெள்ளி நான் பேசியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். மேசையில் மணிக்கூடு இருந்தது. கொம்பியூட்டர் பெட்டியின் நெற்றியில் ஒரு சின்ன லைட், வேலை செய்தால் துடிக்கும். அந்தப் பிள்ளை எழுந்து போனது, புஷ்பா மூச்சு வாங்குகிறாள், மணி நாலே முக்கால். சின்ன லைட் படபடவென்று துடித்தது. அதற்குப் பிறகுதான் புஷ்பாவின் குரல் நொறுங்கி நொறுங்கி அறுந்தது. எல்லாம் முடிந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் வாசலில் சிவப்பு பல்ப் பற்றியது.

பிள்ளைக் காம்பராவில் பத்து வருடம் குழந்தை வளர்த்தவள் நான். எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது, இது தெரியும்.

"ஐயா, லைன் அறுந்ததால உங்க மிஷின் சிவப்பு போடல. உங்க மிஷின்தான் லைன அறுக்குது. பால் குடிக்கிற பிள்ளைய கால் மணிக்கொரு தடவ தராசுல தூக்கித் தூக்கி நிறுத்தா அது எப்பங்கய்யா குடிக்கும்?"

அவர் என்னையே பார்த்தார். "ஒரு நாள் பார்த்ததை வச்சுச் சொல்லேலாது, பிள்ளை" என்றார்.

"மூனு வெள்ளி போயிருச்சுங்கய்யா. இன்னும் எத்தன வெள்ளிக்கு என் தங்கச்சிய வச்சு அளக்கப் போறீங்க?"

வாழ்க்கையில் அவரோடு நான் கோபமாகப் பேசியது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அதற்கும் சேர்த்து அழுதேன்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவர் டோஹாக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, புருசனோடு பேச வைத்துவிட்டு மணிக்கூட்டையும் அந்தச் சின்ன லைட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். மூன்று நாளும் கால் மணிக்கொரு தடவை லைட் துடித்தது, பேச்சு அறுந்தது. ஒரு நாள் பனியே இல்லை, வெயில் அடித்தது. அந்தப் பெண்தான் வந்து சொன்னாள். "டொக்டர் ஐயா நல்லா இருக்காரா, இல்ல அவருக்கு ஏதும் சுகமில்லையா? மொகமே சரியில்ல" என்றாள். செவ்வாய்க்கிழமை மருந்துக் காம்பராவில் எனக்கு எதிர்ப்பட்டவர், கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு வருசமா ஒரு இடமும் விடாமல் எழுதின தாள். வெள்ளியில மிஷினை நிப்பாட்டினால் ஒரு இடம் வெறுமையாப் போகும்" என்றார்.

"போகட்டுமேங்கய்யா" என்றேன்.

நாலாவது வெள்ளி. பின்னேரம் நாலு மணிக்கு மேட்டைப் பார்த்தால் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். இனி அடுத்த கிழமைதானே. அப்போது டொக்டர் ஐயா குடையும் இல்லாமல் லயத்துப் படியில் இறங்கி வந்தார். அவர் லயத்துக்கு வருவதென்றால் பிரசவமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவாக இருக்க வேண்டும். வாசல்களில் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"கரண்ட் இருக்கு. மிஷினைக் கழட்டிப் போட்டன். கெதியா வா" என்றார்.

நாலரைக்கு லைன் வந்தது. அவர் வேகம் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இரண்டு பேருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பிள்ளை எழுந்து போன சத்தம் கேட்டது. நாலே முக்கால் வந்தது, போனது. புஷ்பாவின் குரல் அறுபடவில்லை.

"அக்கா, மூனு வாரத்துக்கு மேல காய்ச்சல்க்கா. காலையில கொறையுது, அந்தியில ஏறுது. மொத வாரம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளவிட கூட. இங்க சொன்னா திருப்பி ஏஜென்சிக்கு அனுப்பிருவாங்கன்னு பயத்தில சொல்லல. டொக்டர் ஐயாட்ட கேட்டு ஏதாச்சும் மருந்து பேரு சொல்லுக்கா, வாங்கிக்கிறேன்."

அவள் சொல்ல வந்தது அவருக்குத்தான். மூன்று வெள்ளியும் அவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"பிள்ளை, நான்தான் கதைக்கிறன். பயப்பிடாதை. முதல் நாளில இருந்து சொல்லு" என்றார். மேசையில் அன்றைய தாள் ஒன்றும் எழுதாமல் கிடந்தது. அதை இழுத்து முன்னால் வைத்தார். எந்த நாள் தொடங்கியது, எந்த நாள் குளிரில் போர்வை கேட்டது, எந்த நாள் எழும்ப முடியாமல் போனது, வயிறு எப்படி, நாக்கு எப்படி என்று ஒன்று ஒன்றாகக் கேட்டார். அவளிடம் தேர்மாமீட்டர் இல்லை. அவள் சொல்லச் சொல்ல இவர் மனத்தால் கணக்குப் போட்டுப் புள்ளி வைத்தார். படி ஏறுவது போல் அந்தக் கோடு ஏறியது.

"நெருப்புக்காய்ச்சல், டைஃபொயிட்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, "அந்த வீட்டு மகளைக் கூப்பிடு, பிள்ளை. இப்பவே" என்றார்.

"வேணாங்கய்யா, அனுப்பிருவாங்க."

"அனுப்பினால் வந்து சேருவாய். இப்பிடியே விட்டால் குடல் வெடிச்சுப் போகும். கூப்பிடு."

அந்தப் பிள்ளை வந்தது. அவர் இங்கிலீஷில், பாடம் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். காய்ச்சலின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்ல வைத்தார். ஒரு தரம்தான் சொல்ல வைத்தார். அந்தப் பிள்ளை ஓடிப்போய்த் தன் தாயை எழுப்பியது எங்களுக்குக் கேட்டது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று கிழமை வைத்திருந்தார்கள். அனுப்பவும் இல்லை. நல்ல மனிதர்கள்தான், நாங்கள்தான் பயந்து செத்தோம். ஒப்பந்தக் காலத்தை முடித்துக்கொண்டு அடுத்த வருடம்தான் புஷ்பா வந்தாள். கொஞ்சம் மெலிந்து, தலைமயிர் பாதி கொட்டி முளைத்திருந்தது.

வந்த மறுநாள் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு மருந்துக் காம்பராவுக்குப் போனேன். மிஷின் விசயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன். அவள் குனிந்து அவருடைய காலைத் தொடப் போனாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தொடாதை, பிள்ளை. நீ தெரிஞ்சுகொள்ள வேணும். அந்த மூண்டு வெள்ளியும் உன்ர பேச்சை அறுத்தது லைன் இல்லை, நான் வச்ச மிஷின். உன்ர அக்கா சொன்னபிறகும் நான் நம்பேல்ல. அந்த மூண்டு கிழமையில நீ செத்திருந்தால் அது என்னால."

யாரும் கேட்காமல், வாங்கில் நாலு நோயாளிகள் இருக்க, இப்படிச் சொல்லிவிட்டு நின்றார். புஷ்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"சரிங்கய்யா" என்றாள். "அப்ப நாலாவது வெள்ளி அறுக்காம விட்டது யாருங்க?"

புஷ்பா பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, வாங்கில் போய் மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்து, தன்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னாள்.